கிங்டம்: படமா, அனிமேவா, மங்காவா?

போன மாதம் அத்தை மகன் இரவு பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, கிங்டம் முதல் படம் முடிச்சிட்டேன். அடுத்து ரெண்டாவது படமா, இல்ல அனிமேவை முதல்ல இருந்து பார்க்கவா? மங்கா எழுபது புக்குக்கு மேல போகுதாமே?" (மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை, அனிமே என்றால் ஜப்பானிய அசைபடத் தொடர்.) இதே கேள்வியை அலுவலகத்தில் ஒருவரும் கேட்டிருந்தார். அவர் இன்னும் எதையுமே தொடங்கவில்லை, எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் தனித்தனியாக ஃபோனில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இரண்டே வரியில். கி.மு. 245-ஐ ஒட்டிய சீனா. ஏழு நாடுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருக்கின்றன. மேற்கே இருக்கும் சின் நாட்டில் ஷின், ஹ்யோ என்று இரண்டு அடிமைப் பையன்கள், போரில் பெற்றோரை இழந்தவர்கள், ஒருநாள் பெரும் தளபதி ஆவோம் என்று குச்சியை வைத்துச் சண்டை பழகுகிறார்கள். ஹ்யோவை அரண்மனைக்கு அழைத்துப் போகிறார்கள். ஏன் என்றால், இளம் அரசனும் அவனும் ஒரே அச்சு. அந்த அரசன்தான் பிற்பாடு கி.மு. 221-ல் சீனாவை ஒன்றாக்கி முதல் பேரரசன் ஆகப்போகிறவன்.

யசுஹிசா ஹாரா இதை மங்காவாக வரையத் தொடங்கியது 2006-ல், வீக்லி யங் ஜம்ப் இதழில். அனிமே 2012-ல் வந்தது. ஷின்சுகே சாத்தோ இயக்கிய திரைப்படங்கள் 2024 வரை நான்கு: 2019, 2022, 2023, 2024.

எதை வைத்து அளப்பது

"எது சிறந்தது" என்று கேட்டால் மங்கா வாசகர்கள் மங்கா என்பார்கள், விவாதம் அங்கேயே முடிந்துவிடும். நான் வேறு மாதிரி கேட்கிறேன். எவ்வளவு நேரம் கேட்கிறது? எவ்வளவு பணம்? போர்க்களம் போர்க்களமாகத் தெரிகிறதா? யார் யார் என்று புரிகிறதா? எல்லாவற்றையும்விட முக்கியம், நம்மை எந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் முதலில் யோசிப்பதில்லை. முப்பது மணி நேரம் செலவழித்த பிறகுதான் உறைக்கும்.

மூன்றையும் நேர்மையாக ஒப்பிட ஒரு வசதி இருக்கிறது. நான்கு படங்களும் சேர்ந்து மங்காவின் முதல் 16 தொகுதிகளை எடுத்துக்கொள்கின்றன. அனிமேவின் முதல் பருவம் முடிவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். அதனால் ஒரே கதையை மூன்று பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கலாம்.

| | நான்கு படங்கள் | அனிமே, முதல் பருவம் | மங்கா, 1 முதல் 16 |
|---|---|---|---|
| அளவு | சுமார் 9 மணி நேரம் | 38 எபிசோடு, சுமார் 15 மணி நேரம் | மூவாயிரம் பக்கத்துக்கு மேல் |
| போர்க்களம் | மனிதர்கள், குதிரைகள், புழுதி | பெரும்பாலும் கணினி பொம்மைகள் | மூன்றிலும் தெளிவு இதில்தான் |
| பெயர்க் குழப்பம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு, திருப்பிப் பார்க்கலாம் |
| மறைமுகச் செலவு | உப பாத்திரங்கள் காணாமல் போவது | பொறுமை | காசும் அலமாரி இடமும் |
| எங்கே விடுகிறது | ஒரு முடிவில் | ஒரு முடிவில், ஆனால் அடுத்த பருவம் இழுக்கும் | எங்கேயும் விடாது |

நான்கு திரைப்படங்கள்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மங்காவை நடிகர்களை வைத்து எடுத்த ஜப்பானியப் படம் என்றாலே பலருக்குக் கண்முன் வருவது ஒட்டுமுடியும் பளபளக்கும் துணியும்தான். அந்தப் பயம் நியாயமானது. கிங்டம் அந்த வலையில் பெரும்பாலும் விழவில்லை. முதல் படத்தின் அரண்மனைக் காட்சிகளுக்காகக் குழு சீனாவுக்கே போய், செஜியாங் மாகாணத்தில் சியாங்ஷான் படப்பிடிப்பு நகரத்தில் எடுத்தது. அந்தக் கல் படிக்கட்டும் அகன்ற முற்றமும் திரையில் எடை கூட்டுகின்றன. திரைக்கதையில் ஹாராவே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வெட்டியவர் கையும் வரைந்தவர் கையும் ஒன்று என்பதால், என்ன போனாலும் முதுகெலும்பு போகவில்லை.

கதாநாயகன் ஷின்னாக வருபவர் கென்டோ யமசாகி. ஆலிஸ் இன் பார்டர்லேண்ட் பார்த்தவர்களுக்கு முகம் தெரியும், அதற்கும் இயக்குநர் இதே சாத்தோதான். முதல் படத்தில் யமசாகி கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறார். மங்காவின் ஷின்னும் கத்துகிறவன்தான், ஆனால் தாளில் கத்தினால் காது வலிக்காது. அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

படத்தைத் தாங்குபவர்கள் வேறு இருவர். ரியோ யோஷிசாவா அரசனாகவும் ஹ்யோவாகவும் இரட்டை வேடம். தாடி, மச்சம் எந்த அடையாளமும் வைக்காமல், கண்ணை எப்படி நிறுத்துகிறார் என்பதிலேயே யார் அரசன், யார் அடிமை என்று காட்டிவிடுகிறார். மலைவாசிகளின் அரசியாக மசாமி நாகாசாவா. இருவருக்குமே அந்தப் படத்துக்காக ஜப்பான் அகாடமி விருதில் துணை நடிகர், துணை நடிகை பரிசுகள் கிடைத்தன.

அப்புறம் சின் நாட்டுத் தளபதி ஓகி. தகாவோ ஒசாவா உடம்பை ஏற்றி, தோள் கதவை அடைக்கிற மாதிரி வந்து நிற்கிறார். மங்காவில் இந்தத் தளபதிக்கு உதடு தடித்து, சிரிப்பு வினோதமாக, நடையில் ஒரு நளினமும் உண்டு. தாளில் இருப்பதை அப்படியே நடித்தால் கேலிக்கூத்தாகிவிடும். ஒசாவா குரலைத் தாழ்த்தி, கடைசி அசையை இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயில் வைத்துச் சுவைத்து அனுப்புகிறார். முதல் படத்தில் அவருக்கு அதிக நேரமே இல்லை, ஆனால் அவர் வந்த பிறகு சட்டகத்தில் மற்றவர்கள் சுருங்கிப் போகிறார்கள். நான்காவது படம் முழுக்க அவருடையது. ஜப்பானில் அது 800 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது, முதல் படம் எடுத்தது 573 கோடி. நான்காவது பாகம் முதல் பாகத்தைத் தாண்டுவது எவ்வளவு அபூர்வம் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது படம் ஒரே ஒரு போர், வேய் நாட்டுக்கு எதிராக. கதை என்று பார்த்தால் நான்கிலும் இதுதான் மெலிசு. ஐந்து பேர் கொண்ட சின்னக் குழுவில் கடைநிலைச் சிப்பாயாக ஷின் ஓடுகிறான், எதிரே தேர்ப்படை புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் வாள்வீராங்கனை க்யோகாய் அறிமுகமாவது இதில். நானா செய்னோ வாளை எடுத்ததும் உடம்பு தளர்கிறது, "தோன்... தான் தான்" என்று மூச்சுக்குள் ஒரு தாளம், அடுத்த கணம் சுற்றி நின்றவர்கள் சரிகிறார்கள். மங்காவில் அந்தத் தாளம் வெறும் எழுத்து. அனிமேவிலும் ஒலியாக வருகிறது, ஆனால் கால் தரையைத் தட்டுவதைப் பார்ப்பது வேறு. படங்கள் மங்காவைத் தாண்டும் ஓரிரு இடங்களில் இது ஒன்று.

குறைகளுக்கு வருவோம். ஒன்பது மணி நேரத்தில் 16 தொகுதி என்றால் யாராவது பட்டினி கிடக்க வேண்டும். கிடப்பவர்கள் ஷின்னோடு ஓடும் சாதாரணச் சிப்பாய்கள். மங்காவில் அவர்களுக்கு ஊர் உண்டு, திரும்பிப் போனால் செய்யப்போகும் காரியம் உண்டு. படத்தில் முகம் மட்டும் மிஞ்சுகிறது. கன்னா ஹாஷிமோதோ நடிக்கும் தென் என்ற தோழி முதல் படத்தில் துறுதுறுவென்று இருந்துவிட்டு, போகப் போக ஓரமாக நின்று கவலைப்படும் வேலைக்கு ஒதுக்கப்படுகிறாள்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்றாவது படத்தை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அது முடிவதில்லை, நிற்கிறது. மூன்றும் நான்கும் உண்மையில் ஒரே படத்தின் இரண்டு பாதி, இடைவேளை மட்டும் ஓராண்டு. ஜப்பானில் அன்று திரையரங்கில் பார்த்தவர்கள் பாவம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, இரண்டையும் ஒரே சனி ஞாயிறில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனர்கள் ஜப்பானிய மொழி பேசுவது சிலருக்கு உறுத்துமாம். வெள்ளைக்காரத் துரை தமிழில் வசனம் பேசுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்லை.

பெயர்த் தொல்லை, கொஞ்சம் தனியாக

கிங்டமைப் பாதியில் விட்டவர்களிடம் கேட்டால் பலரும் சொல்லும் காரணம் இதுதான், அதனால் நின்று பேசுகிறேன்.

சீனப் பெயர்களின் எழுத்துகளை ஜப்பானியர்கள் தங்கள் உச்சரிப்பில் படிக்கிறார்கள். வரலாற்றில் லீ சின் என்று பதிவான தளபதி இங்கே ஷின். அரசன் யிங் செங் இங்கே எய் செய். வாங் சி ஓகி ஆகிறார், லீ மூ ரிபோக்கு ஆகிறார், பாங் நுவான் ஹோகென் ஆகிறார். சப்டைட்டில் போடுபவர்களில் சிலர் சீன உச்சரிப்பைப் போடுகிறார்கள், சிலர் ஜப்பானிய உச்சரிப்பை. காதில் "ஓகி" விழும்போது கண்ணில் "வாங் சி" ஓடினால் முதல் ஒரு மணி நேரம் தலை சுற்றத்தான் செய்யும்.

இதற்கு மேலே ஒரு குறும்பு. சின் நாட்டின் பெயரையும் ஜப்பானிய மொழியில் "ஷின்" என்றுதான் சொல்கிறார்கள். கதாநாயகன் ஷின், நாடும் ஷின். எழுத்து வேறு, ஒலி ஒன்று. அரசனை நண்பன் கூப்பிடுவது "செய்". கிழக்கே சீ என்று ஒரு நாடு, அதற்கும் ஜப்பானிய உச்சரிப்பு "செய்". படத்தில் வேகமாக வசனம் ஓடும்போது யாரோ "ஷின்னுக்காக" என்று முழங்கினால் பையனுக்கா நாட்டுக்கா என்று சந்தேகம் வரும். ஜப்பானிய மங்கா வாசகனுக்கு எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். காதை மட்டும் நம்பும் நமக்குத்தான் இந்தத் தொல்லை. ஒரு துண்டுத் தாளில் ஏழு நாடுகளையும் அதனதன் தளபதிகளையும் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் இரண்டாம் முறை பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள். இரண்டாம் படத்தின் போது அவர்களே அந்தத் தாளைக் கேட்டார்கள்.

அனிமே

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தை நான் இரண்டாம் எபிசோடில் நிறுத்தினேன். காரணம் கதை இல்லை, உருவம். 2012-ல் போர்க்காட்சிகளைக் கையால் வரைந்து கட்டுப்படியாகாது என்று கணினி உருவங்களைப் புகுத்தினார்கள். ஒரு காட்சியில் ஷின் வரைந்த முகத்தோடு பேசுகிறான், அடுத்த வெட்டில் பழைய வீடியோ கேம் பொம்மையாக ஓடுகிறான், பிறகு மீண்டும் வரைந்த முகம். தோளும் முழங்கையும் சாவி கொடுத்த பொம்மைபோல் திரும்புகின்றன. ஒரு வருடம் கழித்து, ஒரு நண்பர் "பத்து எபிசோடு பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொன்னதால் திரும்பினேன். அவர் சொன்னது சரி. பொம்மைகள் குறைந்தன, எனக்கும் கண் பழகிவிட்டது.

அனிமேவின் பலம் குரல்கள். ஓகிக்குக் குரல் கொடுத்த ரிகியா கொயாமா, ஒசாவாவுக்கு முன்பே அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டார். நேரம் இருப்பதால் சிப்பாய்களும் மூச்சு விடுகிறார்கள். படத்தில் ஒரே வசனத்தில் கடந்து போகும் தந்திரங்களை இங்கே வரைபடம் போட்டுப் பொறுமையாக விளக்குகிறார்கள்.

உண்மையான பரிசு மூன்றாம் பருவத்தில்தான் இருக்கிறது. மற்ற நாடுகள் கூட்டணி சேர்ந்து கான்கோக்கு கணவாயில் சின் நாட்டின் கழுத்தைப் பிடிக்கும் கட்டம். கி.மு. 241-ல் நடந்த கூட்டணிப் படையெடுப்பை அடித்தளமாகக் கொண்டது. 2020-ல் தொடங்கி, கொரோனாவால் நான்கு எபிசோடோடு நின்று, மறு ஆண்டு தொடர்ந்து 26 எபிசோடாக முடிந்தது. படத் தரமும் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது.

கணக்கில் இடிப்பது ஒன்றுதான். அந்த இடத்தை அடைய முதல் பருவத்தின் 38, இரண்டாம் பருவத்தின் 39, ஆக 77 எபிசோடுகளைத் தாண்ட வேண்டும். முப்பது மணி நேரம். படங்களை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குப் பாதிச் சுமை குறைகிறது. முதல் பருவத்தைத் தொடாமல் நேரே இரண்டாம் பருவத்துக்குப் போகலாம். அங்கே அறிமுகமாகும் புது இளம் தளபதிகளைப் பிடித்துக்கொண்டால் கதை புரியும். "முதல் பருவத்தை விட்டுவிட்டு இரண்டாவதா" என்று சுத்தபத்தக்காரர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

மங்கா

மூன்றிலும் ஆழமானது இதுதான், மறுப்பதற்கில்லை. உலகம் முழுக்க பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டியது, 2013-ல் தெசுகா ஒசாமு கலாச்சாரப் பரிசின் பெரும் பரிசையும் வென்றது. ஹாரா முன்பு மங்கா ஓவியர் தகேஹிகோ இனோவேயிடம் உதவியாளராக இருந்தவர். தொடக்கத்தில் கிங்டம் வாசகர் வாக்கெடுப்பில் தடுமாறியபோது, ஷின்னின் கருவிழியைப் பெரிதாக வரையச் சொன்னாராம் குரு. கையில் மங்கா இருந்தால் முதல் சில தொகுதிகளின் ஷின்னையும் பிற்பாடு வரும் ஷின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போர்க்களம் புரிவதில் மங்காவை அடிக்க முடியாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரியும் ஒரே படத்தில் இடது சிறகு எங்கே, வலது சிறகு எங்கே, குன்று எங்கே என்று நிதானமாகப் பார்க்கலாம். படத்தில் அதே காட்சி மூன்று நொடியில் பறந்துவிடும். மறுபக்கம், இதில் வன்முறை கூடுதல். தலைகள் உண்மையாகவே பறக்கின்றன. பத்து வயசுப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு இல்லை.

செலவுதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் மிக நீண்ட காலம் அச்சுப் பதிப்பே இல்லாமல் இருந்த தொடர் இது, அதனால் பழைய பதிப்புகளைத் தேடி மலிவாக வாங்குவதும் எளிதில்லை. ஒரு தொகுதி ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 16 தொகுதிக்கு எட்டாயிரம், எழுபதுக்கு முப்பத்தைந்தாயிரம். புத்தகம் எழுபதையும் தாண்டிவிட்டது, ஹாரா இன்னும் வரைந்துகொண்டே இருக்கிறார். தொடங்கினால் இது மாதத் தவணை மாதிரி. வலமிருந்து இடமாகப் படிப்பது ஒரு நாளில் பழகிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இன்னொன்று: எதைத் தேர்ந்தாலும் நடுவில் விக்கிப்பீடியாவைத் திறக்காதீர்கள். சிமா சியென் எழுதிய வரலாற்று நூலில் இந்தத் தளபதிகள் பலருக்கும் ஓரிரு வரி இருக்கிறது, அந்த ஓரிரு வரியிலேயே யார் எந்த ஆண்டு செத்தார்கள் என்பதும் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஸ்பாய்லர் என்றாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்.

யாருக்கு எது

இதுவரை எதையும் தொடாதவர் என்றால் படங்கள். யோசிக்கவே வேண்டாம். ஒன்பது மணி நேரத்தில் முழுதாக ஒரு கதை கிடைக்கிறது, பிடிக்கவில்லை என்றால் இழப்பு முதல் படத்தின் இரண்டேகால் மணி நேரம் மட்டும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கவும் மூன்றில் இது ஒன்றுதான் தோது.

படங்களை முடித்துவிட்டு ஏக்கத்தோடு இருப்பவர், படிக்கும் பழக்கமும் உள்ளவர் என்றால் மங்காவின் 17-ஆம் தொகுதியிலிருந்து வாங்குங்கள். எட்டாயிரம் ரூபாய் மிச்சம். பிற்பாடு ஆசை வந்தால் ஒன்றிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், வரும். படிக்கும் பழக்கம் இல்லையென்றால் அனிமே இரண்டாம் பருவம்.

அனிமேவை முதல் பருவத்திலிருந்து பார்க்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு சாராருக்கு. தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ அரை மணி நேரம் போகிறவர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு எபிசோடு, சின்னத் திரையில் அந்தக் கணினி பொம்மைகளும் அவ்வளவாக உறுத்தாது.

ஆரம்பத்திலிருந்தே மங்கா என்பது ஏற்கெனவே நீண்ட தொடர்களைப் படித்துப் பழகியவர்களுக்கும், நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் கிடைப்பவர்களுக்கும்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால்

அலுவலக நண்பர் கடைசியில் சொன்னது, "நாலு படமெல்லாம் முடியாதுப்பா, ஒண்ணு சொல்லு." அவருக்குக் கிங்டமையே சொல்லவில்லை. 2006-ல் வந்த பேட்டில் ஆஃப் விட்ஸ் படத்தைச் சொன்னேன். இதுவும் ஜப்பானிய மங்காவிலிருந்து வந்ததுதான், ஹிதேகி மோரி வரைந்தது, அதற்கும் மூலம் கென்இச்சி சாகேமியின் நாவல். படத்தை மட்டும் சீனா, ஹாங்காங், ஜப்பான், கொரியா சேர்ந்து எடுத்தார்கள், பேசும் மொழி சீனம். அதனால் காதில் ஒரு பெயர், கண்ணில் ஒரு பெயர் என்ற தொல்லையே இல்லை.

கிங்டமுக்கு நூறாண்டுக்கும் முந்தைய காலம், கி.மு. 370. சாவ் நாட்டின் லட்சம் பேர் படை, நாலாயிரம் பேர் வாழும் லியாங் என்ற சின்ன நகரத்தை நோக்கி வருகிறது. நகரத்தைக் காப்பாற்ற ஒரே ஒருவர் நடந்து வருகிறார், நடிப்பவர் ஆண்டி லாவ். போர் தப்பு என்று போதித்த மோ சி மரபைச் சேர்ந்தவர், ஆனால் முற்றுகையைத் தாங்குவதில் கைதேர்ந்தவர். கிங்டமில் எல்லோரும் பெரும் தளபதி ஆகத் துடிக்கிறார்கள். இவர் தான் ஜெயித்த போரின் பிணங்களைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார். காதல் பகுதி ஒட்டவில்லை, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் மறுநாள் காலை டீ குடிக்கும்போது படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மங்கா எத்தனை தொகுதி?" என்று மட்டும் கேட்டார். பதினொன்று.